பழைய ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட்: திருகை முறுக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

புதிய ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட் (தொலைநோக்கிக் குறியைப் பிடித்து வைக்கும் தாங்கி) மாட்டுவது அரை மணி நேர வேலை. துளையும் மரையும் ஆலையிலேயே ஜிக்கில் (இடம் தவறாமல் பிடிக்கும் சட்டத்தில்) பிடித்துப் போட்டு வந்திருக்கும். மவுண்டின் அடிப்பகுதியான பேஸை வைத்துத் திருகினால் முடிந்தது. பழைய ரைஃபிளிலும் அதே அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். கோளாறு சுடும்போதுதான் வெளியே வரும். ஒரே இடத்தில் விழ வேண்டிய குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழும். அல்லது ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழான பக்கவாட்டு டரட்டை முடிகிற மட்டும் திருப்பிய பிறகும் குறி இடப்பக்கமே நிற்கும். உடனே எல்லோரும் ஸ்கோப்பைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் ஸ்கோப் மேல் தப்பே இருக்காது.

பழைய ரிசீவர்கள் (குழலும் போல்ட்டும் பொருந்துகிற உலோக உடல்) வரைபட அளவில் இருப்பதில்லை. ராணுவ ரைஃபிள்களின் ரிசீவர் மேற்பரப்பைக் கையால் பாலிஷ் செய்திருப்பார்கள். பிற்பாடு யாராவது அதை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருந்தால் இன்னொரு முறை தேய்த்திருப்பார்கள். துளைகளைக் கை ட்ரில்லில் கண்மதிப்பாகப் போட்ட ரைஃபிள்களும் உண்டு. மவுண்ட் தயாரிப்பாளர் செய்து அனுப்புகிற பேஸோ வரைபட அளவுக்குச் செய்தது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை எப்படிச் சமாளிக்கிறோம் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

திருகுக்கு ஒரே ஒரு வேலைதான்: ஏற்கெனவே பொருந்தி உட்கார்ந்துவிட்ட பேஸை நகராமல் பிடித்து வைப்பது. பொருந்தாத பேஸை இழுத்து உட்கார வைக்கத் திருகைப் பயன்படுத்தினால் பேஸ் வளையும், ஸ்கோப்பைப் பற்றுகிற ரிங்குகள் ஒன்றுக்கொன்று கோணும், கடைசியில் ஸ்கோப்பின் குழாய் நெளியும்.

அளவு எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 130 மி.மீ. இருக்கிறது என்று வைப்போம். ஒரு ரிங் மட்டும் 0.1 மி.மீ., அதாவது சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம், விலகியிருந்தால் 100 மீட்டரில் குறி சுமார் 77 மி.மீ. தள்ளிப்போகும். 0.5 மி.மீ. விலகினால் 13 எம்.ஓ.ஏ. (கோண அளவு, ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ.). மொத்தம் 60 எம்.ஓ.ஏ. திருப்பம் உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 30தான் கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு இந்த அரை மில்லிமீட்டரைச் சரிக்கட்டவே போய்விடும்.

ரைஃபிள் எந்த ரகம்

மவுண்ட் வாங்குவதற்கு முன்னால் ரைஃபிளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். பெயர் மட்டும் போதாது. மவுசர் 98-இல் ரிசீவரின் முன்வளைய (குழல் திருகிச் சேரும் முன்பகுதி) விட்டம் இரண்டு விதம்: பெரிய வளையம் 35.8 மி.மீ., சிறிய வளையம் 33 மி.மீ. ஒன்றின் முன் பேஸை மற்றொன்றில் வைத்தால் ஓரம் மட்டும் தொடும், அல்லது நடு மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் ஆடும். வெர்னியரை வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பின்பாலத்தில் (ரிசீவரின் பின்பகுதியில் குறுக்கே போகிற வளைவில்) தோட்டா கிளிப் செருகுகிற புடைப்பு அப்படியே இருக்கிறதா, யாராவது அரைத்து எடுத்துவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் பின் பேஸ் வேறு.

மோசின்-நகான்டில் உருண்டை ரிசீவர், ஹெக்ஸ் ரிசீவர் என்று இரண்டு வடிவம். ஒன்றுக்குச் செய்த பக்கவாட்டு மவுண்ட் மற்றொன்றில் உட்காராது. வின்செஸ்டர் மாடல் 94-இன் பழைய வடிவம் வெற்றுத் தோட்டாவை நேர் மேலே தள்ளும். ரிசீவருக்கு நேர் மேலே ஸ்கோப் வைத்தால் தோட்டாக்கூடு அதில் மோதித் திரும்பி உள்ளேயே விழும். 1980-களில் வந்த சாய்வாகத் தள்ளும் வடிவத்தில்தான் மேலே மாட்டலாம். முந்தையவற்றுக்குப் பக்கவாட்டு மவுண்ட், இல்லையென்றால் குழலின் மேல் முன்தள்ளி வைக்கும் நீண்ட கண்தூர (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே அதிக தூரம் விட்டுப் பார்க்கும்) ஸ்கோப். 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-இன் ஆரம்ப காலத் துப்பாக்கிகளில் முன்வளையத்தில் துளை இருக்கும், பின்பாலத்தில் இருக்காது. ரெமிங்டன் 700-இல் பின்பாலம் முன்வளையத்தைவிடத் தாழ்ந்தது. அதற்கான பின்பக்க பேஸ் உயரமாகத்தான் வரும், அதைப் பார்த்து பெட்டியில் தவறான பேஸ் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பழைய .22 ரைஃபிள்களில் ரிசீவரின் மேலேயே டவ்டெயில் (பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த) பள்ளம் வெட்டியிருக்கும். அது 9.5 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 11 மி.மீ. ஆகவும் இருக்கலாம். சரிவுக் கோணமும் வேறுபடும். இரண்டுக்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருக்கிற ரிங்குகள் பல நேரம் ஒன்றில் முழுமையாகவும் மற்றொன்றில் ஓர விளிம்பை மட்டும் கவ்வியும் நிற்கும். ரிங்கை மாட்டி, வெளிச்சத்துக்கு எதிரே முனையிலிருந்து பார்த்தால் கவ்வும் பகுதிக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று புரிந்துவிடும்.

ராணுவ முத்திரைகளும் எண்களும் எல்லாப் பாகத்திலும் பொருந்தி, இன்னும் துளை போடாமல் இருக்கிற ரைஃபிள் என்றால் ட்ரில்லைக் கீழே வையுங்கள். சேகரிப்பாளர் தருகிற மதிப்பில் பெரும்பகுதி முதல் துளையோடு போய்விடும், திரும்பாது. அத்தகையவற்றுக்குத் துளையில்லா மவுண்ட் இருக்கிறது. லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இல் பின்பக்க இரும்புக் குறியைக் கழற்றிவிட்டு அதன் ஊசித் துளையையும் கிளிப் பாலத்தையும் பற்றிக்கொள்ளும் மவுண்ட் கிடைக்கிறது. மோசினில் பின்பக்க இரும்புக் குறி இருந்த இடத்தில் உட்காரும் மவுண்ட் உண்டு, அதற்குக் கண்தூரம் 230 மி.மீ.க்கு மேல் உள்ள ஸ்கோப் வேண்டும். துளையில்லா மவுண்ட் எதுவும் துளை போட்டு மாட்டியதுபோல் இறுகாது. லீ-என்ஃபீல்டில் கிளிப் பாலத்தின் உயரமும் முடிப்பும் தயாரித்த ஆலைக்கு ஆலை மாறும், எனவே அந்த மவுண்டின் முன்பகுதி பாலத்தை முழுவதுமாகத் தொடுகிறதா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஆனால் பின்னர் கழற்றி எடுத்தால் ரைஃபிள் பழையபடி ஆகிவிடும், அதற்காகவே இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்ஃபீல்டு 1903-க்கு ஒரு தனி எச்சரிக்கை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் 285,507-க்குக் கீழும் எண் உள்ள ரிசீவர்கள் வெப்பப் பதத்தில் நொறுங்கும் தன்மை கொண்டவை என்று அறியப்பட்டவை. அவற்றில் மவுண்ட் பற்றிய பேச்சே வேண்டாம். சுடுவதே சரியல்ல.

போல்ட், சேஃப்டி, கன்னம்

ராணுவ ரைஃபிளின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற உருளை) கைப்பிடி ஸ்கோப்பை மனதில் வைத்து வடிவமைத்ததல்ல. மவுசரில் கைப்பிடியை 90 பாகை தூக்கும்போது அது ஸ்கோப்பின் கண்பகுதியில் முட்டும். உயரமான ரிங் போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையை விட்டு எழும்பிவிடும். சரியான வழி கைப்பிடியைத் தாழ்வாக மாற்றுவது. காய்ச்சி வளைப்பதானாலும், வெட்டிப் புதியதைப் பற்றவைப்பதானாலும், போல்ட்டின் உள்ளே வெப்பம் உறிஞ்சும் தண்டைத் திருகி, உடலை ஈரத்துணியால் சுற்றியபடியே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்புறக் கேம் பரப்பின் (கைப்பிடியைத் தூக்கும்போது உரசி நகர்கிற சரிவின்) பதம் இறங்கி, போல்ட் தூக்கும்போது கடிக்க ஆரம்பிக்கும். பூட்டுப் பற்கள் வரை சூடு போனால் அந்த போல்ட்டை இனி பயன்படுத்தக் கூடாது. பட்டறையும் அனுபவமும் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய வேலை இது.

சேஃப்டியும் அப்படியே. மவுசரின் இறக்கை சேஃப்டி மேலாகப் புரளும், தாழ்ந்த ஸ்கோப் அதை வழிமறிக்கும். பக்கவாட்டில் அசையும் சேஃப்டியாக மாற்றிய பிறகு, காலித் துப்பாக்கியில் சோதியுங்கள்: காக் செய்து (ஊசியைச் சுடும் நிலைக்கு இழுத்து), சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுங்கள். அப்போது ஊசி விழுந்தால் பொருத்தம் தப்பு. அந்த நிலையில் தோட்டாவே போடக் கூடாது.

பழைய கட்டைகள் இரும்புக் குறிக்காகச் செய்தவை, கன்னம் வைக்கிற இடம் தாழ்வாக இருக்கும். ஸ்கோப் ஏறியதும் தாடையை மட்டும் ஒட்டி, தலையைத் தூக்கிப் பார்க்கிற நிலை வரும். ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் உட்காரும், அதனால் குண்டும் வேறு இடத்தில் விழும். பட்டையாகச் சுற்றிக் கட்டும் கன்னத் திண்டு ஒன்று 15 முதல் 20 மி.மீ. உயர்த்திக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மவுண்டுக்குச் செலவழிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உயரத்தை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 40 மி.மீ. லென்ஸ் என்றால் அதைச் சுற்றியுள்ள கூடு வெளியே ஏறக்குறைய 48 மி.மீ. வரும். அதில் பாதி 24, மூடிக்கும் இடைவெளிக்கும் 2 முதல் 3. ஆக, கூடு வருகிற இடத்தில் குழலின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப்பின் நடு அச்சு வரை 26 அல்லது 27 மி.மீ. இருந்தால் போதும். அங்கே பழைய பின் குறி இருந்தால் அதன் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

ரெயில், ரிங், திருகு

ரிங்குகள் உட்காரும் ரெயிலில் வீவர், பிக்கடின்னி என்று இரண்டு ரகம். வீவர் ரகப் பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ. பிக்கடின்னி பள்ளம் 5.23 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 10 மி.மீ. இடைவெளி. 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்தது இது. வீவர் ரிங்கின் குறுக்குத் தண்டு பிக்கடின்னியில் உட்காரும். பிக்கடின்னி ரிங்கின் தடித்த தண்டு வீவர் பள்ளத்தில் இறங்காது. இறங்கவில்லையே என்று பள்ளத்தை அரத்தால் தேய்ப்பதைவிட ரிங்கை மாற்றுவது நல்லது.

பேஸ் திருகுகள் பழைய ரைஃபிள்களில் பெரும்பாலும் 6-48. அதாவது 3.51 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 48 மரை. இதைவிடத் தடித்தது 8-40, விட்டம் 4.17 மி.மீ. மெட்ரிக் திருகு ஒன்று ஏறக்குறைய நுழைகிறது என்பதற்காக முறுக்கிவிட்டால் அந்தத் துளையின் மரை அத்தோடு போயிற்று. மரை தேய்ந்துபோன 6-48 துளையை 8-40 ஆகப் பெரிதாக்கலாம். அதற்கான ட்ரில் 28-ஆம் எண், 3.57 மி.மீ. பழைய மரையின் வெளிவிட்டத்தைவிட இது பெரிது என்பதால் பழையது முழுவதும் அழிந்து சுத்தமான சுவர் கிடைக்கும். பேஸின் துளையையும் திருகுத் தலைக்கான குழிவையும் அதற்கேற்ப விரிக்க மறக்க வேண்டாம்.

திருகின் நீளத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். முன்வளையத்தின் முன் துளை குழலின் மரைக்கு மேல் வரும். அது அடி மூடிய துளை. திருகு நீளமாக இருந்தால் நுனி அடியில் முட்டி நிற்கும், கைக்கு இறுகியதுபோல் தோன்றும், பேஸோ கீழே தளர்ந்தே இருக்கும். போல்ட் போகிற பாதைக்கு மேல் உள்ள துளைகள் உள்ளே திறந்தவை. அங்கே திருகு நீண்டால் போல்ட்டின் மேல் உரசும், பூட்டுப் பல் வருகிற இடமாக இருந்தால் போல்ட் பூட்டாது. வெர்னியரின் ஆழக்கம்பியால் துளையின் ஆழத்தை அளந்து, அதோடு திருகுத் தலைக்குக் கீழே பேஸின் கனத்தைக் கூட்டி, அரை மில்லிமீட்டர் கழியுங்கள். பேஸ் 4.0, துளை 3.2 என்றால் தலைக்குக் கீழே திருகின் நீளம் 6.7 மி.மீ. எப்படிக் கழித்தாலும் குறைந்தது நான்கு மரை பிடிக்க வேண்டும். 6-48-இல் அது 2.1 மி.மீ., 8-40-இல் 2.5 மி.மீ.

திருகைக் குறைக்கும்போது முதலில் அதே மரை உள்ள நட் ஒன்றை ஏற்றிக்கொண்டு, நுனியை அரத்தால் ராவி, பிறகு நட்டைக் கழற்றுங்கள். வெளியே வரும்போது பிசிறடித்த மரையை நட்டே சீர்செய்துவிடும். நீளம் மாறுகிற நான்கு திருகையும் எந்தத் துளைக்கு எது என்று ஒரு அட்டையில் குத்தி வைப்பது நல்லது.

பேஸ் உட்காருகிறதா

வேலையைத் தொடங்கும்போது மேகசின் காலி, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

துளைகளை அடைத்திருக்கிற பழைய திருகுகள் துருவோ பழைய பசையோ பிடித்து அசையாமல் இருக்கும். வெட்டு முழுவதும் நிறைகிற அகலமும் கனமும் உள்ள, பக்கங்கள் இணையாக அரைத்த ஸ்க்ரூடிரைவர் நுனி வேண்டும். வீட்டில் இருக்கிற ஆப்பு வடிவ நுனி மேலேறி வழுக்கி, ரிசீவரில் கீறல் போடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்படியும் வராவிட்டால் சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகுத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடேற்றித் திருப்புங்கள், பசை இளகிவிடும். தீச்சுடரை ரிசீவர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பதம் இறங்கிவிடும்.

துளைகளையும் ரிசீவர் மேற்பரப்பையும் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு, திருகு எதுவும் போடாமல் பேஸை வெறுமனே வையுங்கள். நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். துளை விளிம்பில் பிசிறு இருக்கலாம், அதை எண்ணெய்க்கல்லால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும். பேஸின் அடியில் பெயின்ட் கட்டியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் வளைவு பொருந்தவில்லை. ரிசீவரில் நீலச்சாயம் மெல்லியதாகப் பூசி, பேஸை வைத்து அழுத்தி எடுத்தால் எங்கே தொடுகிறது என்று அடியில் படிந்திருக்கும்.

ஒரே துண்டான ரெயில் என்றால் சோதனை வேறு. முன்பக்கத் திருகுகளை மட்டும் இறுக்கி, பின்பக்கம் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளால்) அளந்து பாருங்கள். பிறகு அதைத் தளர்த்தி, பின்பக்கத்தை மட்டும் இறுக்கி முன்னால் பாருங்கள். 0.03 மி.மீ. தகடுகூட நுழையவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ராணுவ ரிசீவர்களில் 0.1, 0.2 என்று வருவது சாதாரணம். இந்த நிலையில் நான்கு திருகையும் இறுக்கினால் ரெயில் வில்லாக வளைந்துவிடும். பழைய துப்பாக்கிக்கு இரண்டு தனித்தனி பேஸ் எளிது என்று பலர் சொல்வார்கள். தனி பேஸில் வளைவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதே உயர வேறுபாடு ரிங்குக்குப் போய், அங்கிருந்து ஸ்கோப் குழாய்க்குப் போகும்.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழி. ஒன்று தகடு: பித்தளை அல்லது எஃகுத் தகட்டை அளந்து வெட்டி, திருகுத் துளை போட்டு பேஸின் கீழே வைப்பது. சீக்கிரம் முடியும். ஆனால் தகடு தட்டை, ரிசீவர் வளைவு. இரண்டு கோடுகளில்தான் தொடும். இரண்டாவது, எப்பாக்ஸிப் படுக்கை. எனக்குப் பிடித்தது இதுதான். சற்று நேரம் பிடிக்கும், ஆனால் பேஸின் அடி முழுவதும் ரிசீவரின் அச்சாகவே படிந்துவிடும்.

செய்முறை இப்படி. ரிசீவரின் மேற்பரப்பிலும் திருகுகளிலும் மெழுகு பாலிஷை இரண்டு பூச்சு பூசித் துடையுங்கள், எப்பாக்ஸி அங்கே ஒட்டாமல் இருக்க இது வேண்டும். துளைகளின் வாயில் எப்பாக்ஸி இறங்காதபடி பிளாஸ்டிசினை மெல்லியதாக அடையுங்கள். பேஸின் அடியில், இடைவெளி உள்ள முனையை மட்டும் எமரித்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, உலோகத் தூள் கலந்த எப்பாக்ஸியைத் தடவுங்கள். நன்றாகத் தொடுகிற முனையின் திருகுகளை இறுக்குங்கள். எப்பாக்ஸி உள்ள முனையின் திருகுகள் தலை பேஸைத் தொட்டு நின்றால் போதும், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். முறுக்கினால் எந்த வளைவைத் தவிர்க்க இதைச் செய்கிறோமோ அதே வளைவு எப்பாக்ஸியில் உறைந்துவிடும். பிதுங்கி வருவதைப் பாதி இறுகிய பதத்தில் பிளாஸ்டிக் சீவலால் வழித்து எடுங்கள். 24 மணி நேரம் விட்டு, திருகுகளைக் கழற்றி, பக்கவாட்டில் மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் பேஸ் கழன்று வரும். அடியில் ரிசீவரின் வளைவு பளபளப்பாகப் பதிந்திருக்கும். குமிழி விழுந்த இடம் கொஞ்சம் இருந்தால் கவலையில்லை, பாதிப் பரப்பு குழியாக இருந்தால் மீண்டும் செய்யுங்கள்.

சரிபார்க்க டயல் கேஜை ரெயில் நுனியில் வைத்து, பின் திருகுகளைத் தளர்த்தி இறுக்குங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் நின்றால் பேஸில் இழுவை இல்லை.

புதிதாகத் துளை போடுவதானால்

பல நாடுகளில் ரிசீவரில் துளை போடுவது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் மட்டுமே செய்யக்கூடிய வேலை. சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் ஜிக் இல்லாமல் தொட வேண்டாம். ரிசீவரைக் குழலின் அச்சுக்கும் அடிப்பகுதியின் தட்டைப் பரப்புக்கும் நேராக்கிப் பிடிக்க வேண்டும். மேல் வளைவை வைத்து நேர் பார்த்தால், அது எத்தனை பேர் கையால் தேய்ந்ததோ அத்தனை கோணல் வரும்.

பழைய மவுசர் ரிசீவர்களின் மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது. ஓரத்தில் அரத்தை வைத்துப் பாருங்கள். கடிக்காமல் கண்ணாடி மேல்போல் சறுக்கினால் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) ட்ரில் அங்கே நடக்காது. நுனி அலைந்து, துளை நடுவிட்டு விலகும். அந்த இடத்தில் மட்டும் சிறிய கல்லால் மேல்தோலை அரைத்துவிட்டு, அல்லது கார்பைடு நுனியால் தொடக்கம் போட்டுவிட்டு உள்ளே போகலாம். உள்ளே உலோகம் மிருதுவானது. 6-48-க்கு 31-ஆம் எண் ட்ரில், 3.05 மி.மீ., இதில் ஏறக்குறைய 67 சதவீத மரை கிடைக்கும், போதுமானது. இன்னும் ஆழமான மரை வேண்டுமென்று சிறிய துளை போட்டால் மரை வெட்டுகிற டேப் உள்ளேயே முறியும். டேப் அடிக்கும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, வெட்டெண்ணெய் தாராளமாக. முன்வளையத்தின் அடி மூடிய துளை குழலைத் தொடக் கூடாது, அறைக்கு மேல் உள்ள உலோகம் அழுத்தத்தைத் தாங்குகிற இடம். ட்ரில்லில் ஆழத் தடுப்பு கட்டாயம்.

முதலில் ஒரு துளை போட்டு மரை வெட்டி, பேஸை அந்த ஒரு திருகில் இறுக்கி, மற்ற துளைகளின் இடத்தைப் பேஸ் வழியாகவே குறித்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

ரிங்கும் ஸ்கோப்பும்

பேஸ் திருகுகளைக் கடைசியாக மாட்டும்போது மரையில் எண்ணெய் இருக்கக் கூடாது. மரைப் பசையான லாக்டைட் 222 ஒரு துளி போதும், சிறு திருகுகளுக்காகவே வந்தது அது. நீல 243-உம் நடக்கும். சிவப்பைத் தொடாதீர்கள், அடுத்து கழற்றப்போகிறவர் உங்களைச் சபிப்பார். டார்க் ரெஞ்ச் இருந்தால் 6-48-க்கு 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர். அலுமினிய பேஸ் என்றால் கீழ் அளவிலேயே நிறுத்துங்கள். மவுண்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் செல்லும். ஒவ்வொரு திருகும் இறுகிய பிறகு போல்ட்டைச் செருகி முழுவதும் ஓட்டிப் பாருங்கள். நான்கையும் முடித்துவிட்டுப் பார்த்தால் எந்தத் திருகு உரசுகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

ரிங்கை ரெயிலில் வைத்ததும் அதை முன்னோக்கித் தள்ளி, குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டு நிற்கும்போது இறுக்குங்கள். வெடிக்கும்போது ரைஃபிள் பின்னே உதைக்கிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரைஃபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னே நகர்கிறது. தண்டுக்கு முன்னால் இடைவெளி விட்டிருந்தால் முதல் சில தோட்டாக்களில் அந்த இடைவெளி மூடும், குறியும் அதோடு நகரும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உதை இரண்டு திசையிலும் வரும், ஸ்கோப் பின்னே ஊர்ந்துவிடும். அதற்குத் தடுப்பு ஊசி உள்ள மவுண்ட் தேவை.

திருப்பி மாட்டுகிற டவ்டெயில் ரக முன் ரிங்குகள் உண்டு. 90 பாகை திருப்பினால் பேஸில் பூட்டிக்கொள்ளும். அதைத் திருப்ப 25.4 மி.மீ. உருளையான மரக்கம்பையோ இரும்புத் தண்டையோ பயன்படுத்துங்கள். ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழாய் வளைந்தது வெளியே தெரியாது, உள்ளே லென்ஸ் தொகுதி மட்டும் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் கூர்முனைத் தண்டு இரண்டு விற்பார்கள். தண்டு ரிங்கில் சற்று முன்பின் நகர்ந்தாலே முனைகள் பொய் சொல்லும். தட்டை முனையுள்ள தண்டுகள் கோணலையும் விலகலையும் ஒருசேரக் காட்டும். விலகல் சிறிதென்றால் லேப்பிங்: 320 கிரிட் பசை பூசிய எஃகுத் தண்டை ரிங்குகளின் கீழ்ப்பாதியில் முன்பின் இழுத்தும் சுழற்றியும் தேய்க்க வேண்டும். இருபது இழுப்புக்கு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பரப்பில் 75 சதவீதம் மங்கிய சாம்பல் நிறமானதும் நிறுத்துங்கள். நூறு சதவீதம் வேண்டுமென்று தொடர்ந்தால் ரிங் தளர்ந்து, மூடியின் இரு பக்க இடைவெளியும் மூடிக்கொள்ளும், பிடிப்பே போய்விடும். துளையே நடுவிட்டு விலகிப் போடப்பட்டிருந்தால் லேப்பிங் அதற்கு மருந்தல்ல. பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய பின் பேஸ், அல்லது விலகல் அளவு குறித்த பிளாஸ்டிக் உள்வளையம் உள்ள ரிங் வாங்க வேண்டும். அந்த உள்வளைய ரிங்குகளை லேப்பிங் செய்யக் கூடாது, அவை தானாகவே நேராகிக்கொள்ளும்.

ரிங் வாங்கும்போது குழாய் விட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஐரோப்பிய ஸ்கோப்புகள் பலவற்றின் குழாய் 26 மி.மீ. அதை 25.4 ரிங்கில் திணித்தால் விளிம்பு குழாயைக் கடிக்கும்.

ஸ்கோப்பை வைக்கும் முன் டரட்டுகளை இரண்டு எல்லைக்கும் திருப்பி, கிளிக்குகளை எண்ணி, நடுவில் நிறுத்துங்கள். கீழ்ப்பாதி ரிங்கில் வைத்து, கண்தூரத்தை நீங்கள் சுடுகிற நிலையிலேயே, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து பிறகு திறந்து பாருங்கள். முழு வட்டமும் கருவிளிம்பு இல்லாமல் தெரிய வேண்டும். 75 முதல் 100 மி.மீ. வழக்கம். உதை பலமான ரைஃபிளுக்கு அதிகப் பக்கமே வையுங்கள், புருவம் பிழைக்கும். ரிங்கின் விளிம்பு டரட் மேட்டிலிருந்து 2, 3 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும்.

நேர் பிடிக்க ரசமட்டத்தை ரிசீவரின் மேல் வைக்காதீர்கள், அது ஏற்கெனவே தேய்ந்த பரப்பு. போல்ட் ஓடுகிற தடத்திலோ ரெயிலின் மேலோ வைத்து ரைஃபிளை நேராக்கி, 20 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் நூலோடு குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள். மூடித் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முதலில் முடித்தால் ஸ்கோப் அந்தப் பக்கம் உருண்டுவிடும். 1.7 முதல் 2.0 நியூட்டன் மீட்டரில் நிறுத்தி, இரு பக்க இடைவெளியும் சமமா என்று பாருங்கள். மூடித் திருகுகளுக்குப் பசை வேண்டாம். ஈரமான மரை எளிதாக வழுக்கும், அதே டார்க்கில் அழுத்தம் கூடுதலாகி ஸ்கோப் குழாய் அமுங்கும். இறுக்கிய பிறகு உருப்பெருக்க வளையம் முன்பைவிடக் கனமாகத் திரும்பினால் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். தளர்த்துங்கள்.

சுடுவதற்கு முன்னால் போல்ட்டை எடுத்துவிட்டு, ரைஃபிளை அசையாமல் தாங்கியில் வைத்து, குழல் வழியாக 25 மீட்டரில் ஒரு குறியை நடுவாக்கி, ஸ்கோப்பில் பாருங்கள். நடுவில் நிறுத்திய டரட் 20 எம்.ஓ.ஏ.க்கு மேல் விலகிக் காட்டினால் டரட்டைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டாம். மவுண்டில் பிழை இருக்கிறது, அதைக் கழற்றுங்கள். மேல்கீழ் விலகலுக்குக் கணக்கு எளிது: பின் பேஸின் கீழ் 0.05 மி.மீ. ஏற்றினால் 100 மீட்டரில் குண்டு சுமார் 38 மி.மீ. மேலே போகும்.

ஒவ்வொரு திருகின் தலைக்கும் பேஸுக்கும் குறுக்கே மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று போட்டுவிட்டு, 25 மீட்டரில் தொடங்கி 100-க்குப் போங்கள். இருபது தோட்டாவுக்குப் பின் கோடுகளைப் பாருங்கள். கோடு உடையாமல், குண்டுகள் மட்டும் இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது, பெரும்பாலும் அடியில் முட்டி நிற்கிற முன் திருகு. கூட்டம் மேலும் கீழுமாக நீண்டால் மவுண்டை விட்டுவிட்டு ரிசீவரைக் கட்டையோடு பிடிக்கிற திருகுகளைப் பாருங்கள், பழைய மரம் காய்ந்து சுருங்கி அவை தளர்ந்திருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் குறி அலைந்தால் மட்டும், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறு ஒரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாருங்கள்.